பதினேழாம் எண் கதவு

சேசு மரி சூசை துணை

தேஹு ரோடு, 14-6-1999

அன்புள்ள தம்பி சேவியருக்கு,

அக்கா மரியம்மாள் எழுதுவது. சர்வேசுரன் கிருபையால் நானும் உன் மாமாவும் பிள்ளைகள் இருவரும் குறையில்லாமல் இருக்கிறோம். உன் முதுகுவலி எப்படி இருக்கிறது? மரவாடியில் பெரிய தடிகளைத் தனியாளாகத் தூக்க விடாதே என்று ஜான்சிக்குச் சொல்லியிருந்தேன். நீ யார் பேச்சையும் கேட்கிறவன் இல்லை என்று அவள் எழுதியிருந்தாள்.

இங்கே மழை பிடித்துக்கொண்டது. தகரக் கூரையில் விழுகிற சத்தத்தில் நான் சொல்லுகிற அருள்நிறைந்த மந்திரம் எனக்கே கேட்பதில்லை. மாதாவுக்குக் கேட்டால் போதும் என்று சொல்லி முடிக்கிறேன். ஆனால் தம்பி, இந்தத் தகரத்தின் கீழே நாங்கள் பார்க்கும் கடைசி மழை இதுவாக இருக்கலாம். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

நாங்கள் நிலத்துக்கு வாடகை கொடுத்து, எங்கள் செலவில் தகரம் போட்டு இருக்கிறோம் என்பது உனக்குத் தெரியும். மாமாவுக்கு ராணுவ டிப்போவில் நிரந்தரமில்லாத வேலை என்பதால் குவார்ட்டர்ஸ் கிடையாது. போன வருஷம் நிலத்துக்காரர் நிலத்தை விற்கப்போவதாகச் சொன்னார். ஒரு பில்டரின் ஆட்கள் வந்து எங்கள் அடுப்பங்கரை வரைக்கும் டேப் பிடித்து அளந்துவிட்டுப் போனார்கள். நாற்பத்திரண்டு குடும்பம் எங்கே போகும்? அப்போதுதான் பிம்பிரி சர்க்கார் ஆபீசிலிருந்து ஷிந்தே மேடம் வந்தார். வீட்டுத் திட்டம் என்று ஒன்று இருக்கிறது, நீங்கள் சொசைட்டியாகப் பதிந்துகொண்டால் நிலத்தை வாங்கவே சர்க்கார் பணம் தரும், வீடு கட்டுவதற்கும் பாதிக்கு மேல் தரும், மீதிக்கு உங்கள் சேமிப்பும் பேங்க் கடனும் என்றார். சர்க்கார் பணத்தில் நம் பேரில் நிலமா என்று ஆண்கள் சிரித்தார்கள். பெண்கள் சிரிக்கவில்லை. சொசைட்டி பதிந்தாயிற்று. நான்தான் செக்ரட்டரி. பள்ளிக்கூடத்தில் நாலாவதோடு நின்றவள், கடைப் பலகைகளைப் பார்த்து மராத்தி எழுத்துக் கற்றவள், இப்போது ரப்பர் ஸ்டாம்பு வைத்திருக்கிறேன். அப்பா இருந்திருந்தால் அந்த ஸ்டாம்பை வாங்கித் தன் உள்ளங்கையில் குத்திப் பார்த்திருப்பார்.

சட்டம் கடுமைதான். புருஷன் பேரிலோ மனைவி பேரிலோ இந்தியாவில் எந்த மூலையிலும் வீடு இருக்கக்கூடாது. அப்படியென்று சத்தியப் பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும். எல்லார் காகிதத்தையும் நானே பார்த்தேன். என் சிநேகிதி பவுன், ராசிபுரத்துக்காரி, அவள் புருஷனுக்கு ஊரில் அவர் அப்பா வீட்டில் பேர் இருக்கிறது. மறைத்துவிடு என்று நாலு பேர் சொன்னார்கள். ஒருவர் பொய் சொல்லி மாட்டினால் எல்லாருக்கும் திட்டம் போய்விடும். கூட்டத்தில் வைத்து அவர்கள் பேரை அடித்தேன். "கணக்குப் பிசகாதவ, நல்லா இரு" என்று சொல்லிவிட்டு எழுந்து போனவள், குழாயடியில்கூட என்னோடு பேசுவதில்லை. சரியானதைத்தான் செய்தேன். ஆனாலும் தண்ணீர்க் குடத்தை இறக்க ஆளில்லாமல் இருக்கிறது.

விலாசம் வழக்கம்போல சலீம் பாய் மளிகைக் கடை மேற்பார்வை என்றே எழுது. எங்கள் வீடுகளுக்கு எண் கிடையாதே.

மாதா உங்களைத் தன் முந்தானையில் வைத்துக் காக்கட்டும்.

அக்கா மரியம்மாள்


திண்டிவனம், 15-6-1999

அன்பு அக்காவுக்கு,

தம்பி சேவியர் வணக்கத்தோடு எழுதுவது. உன்னிடமிருந்து கடிதம் வந்து நாளாகிவிட்டது. மாமா, பிள்ளைகள், உன் மூட்டுவலி எல்லாம் எப்படி? நாங்கள் நலம். முதுகு பரவாயில்லை.

அக்கா, ஒரு சந்தோஷ சமாச்சாரம். அப்பா வீட்டுப் பட்டாவை மாற்ற இரண்டு வருஷமாகத் தாலுகா ஆபீசுக்கு நடந்தேன் இல்லையா, முடிந்துவிட்டது. உனக்குச் சொல்லாமல் ஒன்று செய்தேன். உன் பேரையும் போட்டுவிட்டேன். கூட்டுப் பட்டா. சேவியர், மரியம்மாள் என்று இரண்டு பேர்.

அங்கே கிளார்க், "அக்கா விட்டுக்கொடுத்ததா ஒரு காகிதம் வாங்கியாந்துடுப்பா, சுலபமா முடிஞ்சிடும்" என்றான். எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்களாம். நான் முடியாது என்றேன். சித்தப்பா கோயில் வாசலில் பத்துப் பேருக்கு முன்னால், "கட்டிக் குடுத்த பொண்ணுக்கு வீட்ல என்னடா பேரு?" என்று கேட்டுச் சிரித்தார். "எங்கப்பனுக்குப் பொறந்தது ரெண்டு பேர், பட்டாவுல ரெண்டு பேர் இருக்கும்" என்றேன். அதோடு வாயை மூடினார். ஜான்சியும் ஒரு வார்த்தை எதிராகச் சொல்லவில்லை, அதையும் எழுதச் சொன்னாள்.

நீ பம்பாய்ப் பக்கம் போய்த் தகரத்தின் கீழே இருக்கிறாய் என்று இங்கே ஒருவரும் இனி பேச முடியாது. உனக்கும் ஒரு வீடு இருக்கிறது. ஓட்டு வீடு, காகிதத்தோடு.

உன் தம்பி
சேவியர்


திண்டிவனம், 21-6-1999

அன்பு அக்காவுக்கு,

அனைவரின் சுகம் அறிய ஆசை. ஜான்சிக்கு இரண்டு நாள் ஜுரம், இப்போது தேவலை.

நான் கடிதத்தைத் தபாலில் போட்டு நாலு நாள் கழித்து உன் கடிதம் வந்தது. நீ செக்ரட்டரி ஆனதை மரவாடியில் எல்லாருக்கும் படித்துக் காட்டினேன். ஆனால் அந்தச் சட்டத்தை மட்டும் தனியாகத் திரும்பத் திரும்பப் படித்தேன். எங்கேயும் வீடு இருக்கக்கூடாது என்று எழுதியிருக்கிறாயே. நான் பட்டாவில் பேர் போட்டது உனக்கு ஏதாவது பாதகமா? இது அப்பா வீட்டில் ஒரு பங்குதானே, இதையெல்லாமா கணக்கில் எடுப்பார்கள்? உடனே ஒரு வரி எழுது.

சேவியர்


சேசு மரி சூசை துணை

தேஹு ரோடு, 29-8-1999

அன்புள்ள தம்பிக்கு,

அக்காவின் ஆசீர். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, கோபிக்காதே. எல்லாரும் சுகம். ஜான்சி கஞ்சியோடு மிளகு ரசமும் சாப்பிடட்டும்.

உன் கடிதத்தை ஆகஸ்ட் பதினைந்து, மாதா பரலோகத்துக்கு எடுத்துக்கொள்ளப்பட்ட திருநாளன்று, பூசையில் பீடத்தடியில் வைத்து எடுத்தேன். நம் வம்சத்தில் எந்த அண்ணன் தம்பி இப்படிச் செய்தான்? சித்தப்பா முன்னால் நீ சொன்ன வார்த்தையை எத்தனை தடவை படித்தேன் என்று சொல்ல மாட்டேன், சிரிப்பாய்.

பாதகமா என்று கேட்டிருந்தாய். அதற்குச் செய்ய வேண்டியதை நான் செய்துவிட்டேன். நீ அதை நினைத்து மனதைக் குழப்பிக்கொள்ளாதே. வீட்டு வரியை மட்டும் தவறாமல் கட்டு.

நிலம் எங்களுடையதாகிவிட்டது தம்பி. பில்டர் கொடுப்பதாகச் சொன்னதைவிடக் கொஞ்சம் குறைவுதான். நிலத்துக்காரரின் வயதான அம்மாவைப் பார்க்க நாங்கள் எட்டுப் பெண்கள் போனோம். பண்டரிபுரத்துக்குப் பால்கி என்கிற சாமிப் பல்லக்கு போகும்போது ஒவ்வொரு வருஷமும் எங்கள் தெருப் பெண்கள்தான் நடந்துபோகிற யாத்திரைக்காரர்களுக்குத் தண்ணீரும் சுண்டலும் கொடுப்பது வழக்கம். அந்த அம்மா என் கையைப் பிடித்துப் பார்த்து, "ஹீச் தீ சுண்டல்வாலி" என்று மகனிடம் சொன்னார், அந்தச் சுண்டல்காரி இவள்தான் என்று. அதற்குப் பிறகு பேச்சு சுலபமாயிற்று. சர்க்கார் பணம் நேராக அவர் கணக்குக்குப் போயிற்று. ரெஜிஸ்டர் ஆபீசில் வாங்குபவர் என்ற இடத்தில் சொசைட்டி பேர், கீழே என் கையெழுத்து. பேனாவை நானே கொண்டுபோயிருந்தேன்.

பவுனின் பேர் திரும்பப் பட்டியலில் ஏறிவிட்டது. அது பெரிய கதை, நேரில் பார்க்கும்போது சொல்லுகிறேன். இப்போது பேசுகிறாள். பேசுகிறாள் என்றால் நிறுத்துவதே இல்லை.

அக்கா


திண்டிவனம், 3-11-1999

அன்பு அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். கல்லறைத் திருநாளுக்கு அப்பா அம்மா கல்லறைக்கு வெள்ளையடித்து, உன் பேரிலும் ஒரு மெழுகுதிரி வைத்தேன்.

நீ செய்ய வேண்டியதைச் செய்துவிட்டாய் என்று படித்ததும்தான் எனக்கு மூச்சு வந்தது. செக்ரட்டரி அம்மா அல்லவா, ஆபீசருக்கு என்ன சொல்ல வேண்டும் என்று உனக்குத் தெரியாதா.

இப்போது என் கோரிக்கை. பிறந்த வீட்டுச் சீர் இல்லாமல் புது வீட்டில் பால் காய்ச்சக் கூடாது. பித்தளைக் குடம் எல்லாரும் கொடுப்பார்கள். நான் மரவாடிக்காரன், உனக்கு வாசல் கதவு செய்து தருகிறேன். நல்ல வேங்கை ஒன்று ஒதுக்கி வைத்திருக்கிறேன். வாசல் அளவு எழுது. உன் வீட்டுக் கதவு எண்ணும் எழுது, மேலே செதுக்கிவிடுகிறேன். மூங்கில் ஏற்றிக்கொண்டு பூனா போகும் லாரி டிரைவர் ஒருவர் பழக்கம்.

சேவியர்


சேசு மரி சூசை துணை

தேஹு ரோடு, 19-12-1999

அன்புள்ள தம்பி, ஜான்சி,

பிறக்கப்போகும் பாலன் உங்கள் வீட்டிலும் கண் விழிக்கட்டும். இங்கே குளிர் அதிகம். பிள்ளைகள் சுகம். மாமாவும் சுகம், கொஞ்ச நாளாகப் பேச்சுக் குறைந்திருக்கிறது, வேலைக் களைப்பு.

சுவர்கள் ஜன்னல் உயரம் வந்துவிட்டன. நீ வந்து பார்க்க வேண்டும். மேஸ்திரிகள் போன பிறகு சுவருக்குத் தண்ணீர் ஊற்றுவது எங்கள் வேலை. தெருவுக்கு நாலு பெண்கள் என்று முறை போட்டிருக்கிறேன். நம் சுவர், நாம் ஊற்றினால்தான் இறுகும் என்று ஒருத்தியும் முறை தவறுவதில்லை. பத்திரத்தில் மனைவி பேர் முதலில், புருஷன் பேர் இரண்டாவது என்று சட்டம். அதைப் படித்துச் சொன்னபோது ஒருவர் எழுந்து, "அப்போ நான் என்ன வாடகைக்காரனா?" என்று கேட்டார். "வாடகை குடுத்தா வாடகைக்காரன், குடுக்காட்டி விருந்தாளி" என்றாள் பவுன். கூட்டம் அடங்க வெகுநேரம் ஆயிற்று.

யாருக்கு எந்த வீடு என்று சீட்டுக் குலுக்கிப் போட்டோம், சண்டை வரக்கூடாது பார். சேலத்துக்காரர், ஆற்காட்டுக்காரர், இந்து, வேதக்காரர், சலீம் பாய் வீட்டார் எல்லாம் கலந்துதான் வந்தது. பவுனுக்குப் பதினாறு.

கதவு அளவு எல்லா வீட்டுக்கும் ஒன்றுதான். ஆறரை அடி உயரம், மூன்றடி அகலம். ஆனால் அவசரப்படாதே. வேங்கை விலை என்ன என்று எனக்குத் தெரியும். உன் பிள்ளை படிப்புக்கு வை. எண்களை இன்னும் சுவரில் எழுதவில்லை.

நாங்கள் கட்டுகிற இந்த நாற்பத்திரண்டு வீடுகளையும் நினைத்தால் எனக்கு நெஞ்சு நிறைகிறது. வேறு என்ன வேண்டும்.

அக்கா


திண்டிவனம், 24-1-2000

அன்பு அக்காவுக்கு,

சுகம். சுகமறிய ஆவல். சுருக்கமாக எழுதுகிறேன். பவுன் அக்காவுக்குப் பதினாறு என்று எழுதினாய். உனக்கு எத்தனை என்று எழுதவில்லை. மறந்துவிட்டாயா? நீ எதையும் மறக்கிறவள் இல்லையே.

கதவு முடிந்துவிட்டது. மேலே சிலுவை செதுக்கியாயிற்று. எண்ணுக்கு இடம் விட்டிருக்கிறேன். எண்ணை எழுது.

சேவியர்


தேஹு ரோடு, 11-2-2000

சேவியர் தம்பிக்கு,

உங்க அக்கா சிநேகிதி ராசிபுரம் பவுன் பேசறேன். எனக்குக் கையெழுத்து மட்டுந்தான் போட வரும். நான் சொல்லச் சொல்ல சலீம் பாய் மக ஷபானா எழுதுறா. அவளுக்குத் தமிழ் எழுதக் கத்துக் குடுத்தது உங்க அக்காதான், அதனால அவளே எழுத பயப்படுறா. பழி என் மேலன்னு சொல்லிட்டேன். நீங்களும் வீட்டு அம்மாவும் நல்லா இருக்கீங்களா? நாங்க இருக்கோம்.

தம்பி, கதவ அனுப்பாதீங்க. கதவு வைக்க வீடு இல்ல.

உங்க கடுதாசி வந்த வாரமே, உங்க அக்கா கூட்டத்துல எழுந்திரிச்சா. எங்கப்பா வீட்டுல என் பேரு ஏறிடுச்சு, பவுன் புருஷனுக்கு ஒரு சட்டம் எனக்கு ஒரு சட்டம் கிடையாதுன்னு சொல்லி, தன் பேரத் தானே அடிச்சுட்டா. அன்னைக்கு எனக்குச் சந்தோஷமாத்தான் இருந்துச்சு. பொய் சொல்ல மாட்டேன். நல்லா வேணும்னு நெனச்சேன். மறுநாள் பாத்தா, எங்க வீட்டு வாசல்ல வந்து நிக்கிறா. உன் புருஷன் கையெழுத்து வேணும், பிம்பிரிக்குப் போறேங்கறா. ஷிந்தே மேடம்கிட்ட நாலு தடவ அலஞ்சு வழி கேட்டுக்கிட்டு வந்துட்டா. பூர்வீக வீட்டுல பங்கு மட்டும் இருந்தா, அதக் கூடப்பொறந்தவங்களுக்கு விட்டுக்கொடுத்து ரெஜிஸ்டர் பண்ணிட்டா பேரத் திரும்ப ஏத்தலாமாம். எங்க வீட்டுக்காரர் ஊருக்குப் போயி அண்ணனுக்கு எழுதிக் குடுத்துட்டு வந்தாரு. நாங்க உள்ள வந்துட்டோம்.

அதே காயிதத்த நீயும் போடுன்னேன். மாட்டேங்கறா. "என் தம்பி எங்க சித்தப்பன் முன்னாடி தலை நிமிர்ந்து போட்ட பேரு பவுனு, அத எடுறான்னு எந்த வாயால கேக்கறது"ங்கறா. ஊரே திரும்பவும் உங்களப் பாத்துச் சிரிக்குமாம். உங்களுக்கு எழுதக் கூடாதுன்னு என் தலையில அடிச்சுச் சத்தியம் வாங்கிக்கிட்டா. நான்தான எழுதக் கூடாது, ஷபானா எழுதலாம்.

எங்க சுவருக்கெல்லாம் அவதான் தண்ணி முறை போட்டா. அவ முறைக்குப் பதினேழாம் நம்பர் சுவருக்கு ஊத்துறா. யாருக்கும் விழாத வீடு அது, என் வீட்டுக்குப் பக்கத்து வீடு. மார்ச் முடியறதுக்குள்ள காயிதம் வரலன்னா அத வேற ஆளுக்குக் குடுத்துடுவாங்க. இந்தத் தகரத்தயும் மே மாசம் பிரிச்சுடுவாங்க. அவ இப்போ ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் வாடகைக்கு ரூம் தேடறா.

உங்க மாமா ஆரோக்கியசாமி அண்ணன் நல்ல மனுசன், சத்தம் போட மாட்டாரு. ஒரு நாள் மட்டும் கேட்டாரு, தட்டி மறைவுல என் காதுல விழுந்துச்சு. "உன் தம்பி மனசு நோகக் கூடாதுங்கறதுக்கு எங்க தல நனையணுமா மரியம்மா?" அவ குடத்த எடுத்துக்கிட்டுச் சுவருக்குத் தண்ணி ஊத்தப் போயிட்டா. அன்னையிலேர்ந்து அந்த வீட்டுல பேச்சு இல்ல.

எனக்குத் தெரிஞ்சதச் சொல்லிட்டேன். இனி உங்க பாடு.

பவுன்


திண்டிவனம், 18-2-2000

அக்காவுக்கு,

சுகம் விசாரிக்கும் மனநிலையில் நான் இல்லை. பவுன் அக்கா எழுதிவிட்டார்கள். அவர்களைத் திட்டாதே. திட்டினால் நான் அங்கே வந்து அவர்கள் பக்கம் நிற்பேன்.

நீ செய்ய வேண்டியதைச் செய்துவிட்டேன் என்று எழுதினாய். அதை நான் நிம்மதியாகப் படித்து, இராத்திரி நன்றாகத் தூங்கி, மரம் அறுத்து, கதவு செய்துகொண்டிருந்தேன். ஐந்து மாதம். என் மானத்துக்காக மாமா வாய் பேசாமல் கிடக்கிறார். அவர் முகத்தில் நான் எப்படி விழிப்பேன்?

உன் பேரை எடுப்பது எனக்கு நோகாது என்று சொல்ல மாட்டேன். நோகிறது. பத்திர எழுத்தரிடம் நீ பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்துக்குச் சொல்லிவிட்டு வெளியே வந்து வெகுநேரம் சைக்கிளில் ஏறாமல் நின்றேன். அதனால் என்ன? முதுகுவலியோடு மரம் தூக்கவில்லையா?

சித்தப்பாவிடம் நானே போய்ச் சொன்னேன். சிரிக்கத்தான் செய்தார். "நான் அப்பவே சொன்னேனே" என்றார். "அப்ப நீங்க பேரு வேணாம்னீங்க. இப்ப சர்க்கார் நிலத்த வாங்கி அவ பேர முதல்ல போட்டுக் குடுக்குது, புருஷன் பேரே அடுத்ததுதான்" என்றேன். என்ன சட்டமடா அது என்று கேட்டார். ஊர் சிரிக்கவில்லை அக்கா. அந்தத் திட்டத்துக்கு மனு எங்கே கொடுப்பது என்று இரண்டு பேர் என்னைக் கேட்டார்கள்.

மணியார்டரில் ரயில் சார்ஜ் அனுப்பியிருக்கிறேன். மார்ச் முதல் வாரத்தில் நீ இங்கே இருக்க வேண்டும். மாமாவையும் கூட்டி வா. அவரிடம் நான்தான் உன்னை வரச் சொன்னேன் என்று சொல்.

எண்ணுக்கு விட்டிருந்த இடத்தில் பதினேழு என்று செதுக்கிவிட்டேன். இனி அழிக்க முடியாது. வேங்கை கடினமான மரம்.

சேவியர்


சேசு மரி சூசை துணை

திருமதி மரியம்மாள் ஆரோக்கியசாமி
கதவு எண் 17, ஏக்தா சொசைட்டி
தேஹு ரோடு

13-6-2000

அன்புள்ள தம்பி சேவியருக்கும் ஜான்சிக்கும்,

மேலே எழுதியிருக்கும் விலாசத்தை முதலில் படி. படித்துவிட்டாயா? இன்னொரு தரம் படி. அதற்குப் பிறகு சுகத்தைக் கேள்.

சுகமாக இருக்கிறோம். உன் முதுகு எப்படி?

லாரியில் நீ அனுப்பிய கதவு ஒரு கீறல் இல்லாமல் வந்து சேர்ந்தது. இறக்குவதற்கு எட்டு ஆண்கள் வேண்டியிருந்தது. என்ன மரமடா இது, கோயிலுக்குச் செய்ததா என்று எல்லாரும் கேட்டார்கள். காண்டிராக்டர் போட்டிருந்த பலகைக் கதவைக் கழற்றி, மாமாவே நின்று இதை மாட்டினார். கீல் முடுக்கும்போது, "உன் தம்பி அளவு கரெக்டா செய்வான்" என்றார். திண்டிவனத்திலிருந்து திரும்பும்போது ரயிலிலேயே பேச ஆரம்பித்துவிட்டார். சோலாப்பூர் வருவதற்குள் இத்தனை மாதத்துப் பேச்சையும் பேசி முடித்தார். பாதி திட்டுதான். கேட்டுக்கொண்டு வந்தேன்.

சார்பதிவாளர் என்னிடம், "சுய சம்மதத்தோடுதான் விட்டுக் கொடுக்கிறீர்களா?" என்று கேட்டபோது நீ ஜன்னலுக்கு வெளியே முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாய். அதனால் நான் சொன்னது உனக்குக் கேட்டதா தெரியவில்லை. சம்மதம்தான் ஐயா, கொடுத்தவனும் சம்மதித்துத்தான் கொடுத்தான் என்றேன். அவருக்குப் புரியவில்லை. பெருவிரல் மையைத் துடைக்கத் துணி கொடுத்தார். அந்தக் காகிதத்தோடு மார்ச் இருபத்தேழாம் தேதி பிம்பிரி ஆபீசில் நின்றேன். பட்டியலில் என் பேரை நானே எழுதக் கூடாது, செக்ரட்டரி தன் பேரைத் தானே ஏற்றுவது முறையில்லை என்று ஷிந்தே மேடத்திடம் சொன்னேன். பவுன் பேனாவைப் பிடுங்கிக்கொண்டாள். அவளுக்குத்தான் எழுத வராதே. ஷபானா ஒரு தாளில் எழுதிக் காட்ட, அதைப் பார்த்துப் பார்த்து வரைந்தாள். அந்தப் பட்டியலில் நாற்பத்தொரு பேர் நேராக இருக்கும், நாற்பத்திரண்டாவது மட்டும் மலையேறுகிற மாதிரி இருக்கும். மாற்றி எழுதலாமா என்று மேடம் கேட்டார். வேண்டாம் என்றேன்.

போன ஞாயிற்றுக்கிழமை சாமியார் வந்து எல்லா வீட்டையும் மந்திரித்தார். பவுன் வீட்டில் அவர்கள் முறைப்படி ஏற்கெனவே பூஜை ஆகியிருந்தது. அங்கேயும் தண்ணீர் தெளிக்கச் சொல்லிக் கூப்பிட்டாள். தெளித்தார். பால் காய்ச்சும்போது நீ இல்லாத குறைதான். உன் சீர் வாசலில் நின்றது, அதனால் அந்தக் குறையையும் பெரிதாகச் சொல்ல மாட்டேன்.

நேற்று மழை தொடங்கியது. நான் உட்கார்ந்து ஜெபமாலை சொன்னேன். கூரை சத்தம் போடவில்லை. சொன்ன ஒவ்வொரு மந்திரமும் என் காதில் விழுந்தது. பாதியில் நிறுத்தி, மழை நின்றுவிட்டதா என்று எழுந்து போய்ப் பார்த்தேன். கொட்டிக்கொண்டுதான் இருந்தது.

கதவு மட்டும் ஈரத்தில் கொஞ்சம் உப்பியிருக்கிறது. அடியில் உரசுகிறது. ஆசாரி இழைக்கட்டுமா என்றான். மழைக்காலம் போனால் தானே சரியாகும், என் தம்பி மரம் தெரிந்தவன் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். திறக்கும்போது ஒரு தோள் கொடுத்துத் தள்ள வேண்டியிருக்கிறது. இருக்கட்டும்.

இனிமேல் கடிதத்தில் சலீம் பாய் மேற்பார்வை என்று போடாதே. அவரிடம் சொல்லிவிட்டேன். பத்தொன்பது வருஷமாக உங்கள் கடிதத்தை மிளகாய் மூட்டைக்கு மேலே வைத்துக் காத்தேனே என்று கோபித்துக்கொண்டார், பிறகு சிரித்துக்கொண்டே வெல்லம் கொடுத்தார். என் பேர், கதவு எண், அவ்வளவு போதும். எண்ணை மட்டும் பெரிதாகப் போடு, தபால்காரர் வயதானவர்.

இந்த ஊரில் தபால்காரர் என் வீட்டுக் கதவைத் தட்டி நான் கேட்டதில்லை. சாக்குப் படுதாவை எப்படித் தட்டுவார்? அதனால் தம்பி, சீக்கிரம் ஒரு கடிதம் எழுது. சமாச்சாரம் ஒன்றும் இல்லாவிட்டால் வெறும் தாளை மடித்து வைத்தாவது அனுப்பு.

மாதா துணை இருப்பாளாக.

அக்கா
மரியம்மாள்